மொத்தப் பிழைகள்: 0

மனித குலம் பழிவாங்கக் கற்றுக்கொண்ட நாள்முதல் இன்றுவரை நடந்த பழிவாங்கல்கள் அனைத்திலும் மிகத் தூய்மையானது என்னுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன். மற்றவர்கள் கத்தியை நம்பினார்கள், நஞ்சை நம்பினார்கள், சிலர் சொந்தக்காரர்களைக்கூட நம்பினார்கள். எனக்கு நாற்பத்தோரு வரி கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் ஒன்றும், அது படிப்பதற்கு ஒரு ஃபோல்டர் நிறைய எழுத்தும் போதுமாயிருந்தன. கையில் கறை இல்லை, நெற்றியில் வியர்வை இல்லை. கூடவே ஒரு சபதமும் செய்திருந்தேன்: காப்பி எடுத்து, பேஸ்ட் பண்ணி, பக்கம் பக்கமாகக் கையால் வேலை செய்யும் நிலைமை எனக்கு வந்தால், அன்றோடு பேனாவை மூடிவிடுவேன்.

சபதத்துக்குக் காரணம் பசை அண்ணா.

பசை அண்ணா எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபின் உதவியாளர். கல்லூரி வெப்சைட்டும் அவர் தலையில்தான். ஒப்பந்த வேலை, ஒவ்வோர் ஆண்டும் முதல்வர் கையெழுத்துப் போட்டால்தான் நாற்காலி. அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பங்கள் மொத்தம் இரண்டு. ஒன்று காப்பி, இன்னொன்று பேஸ்ட். இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் கல்லூரியின் தொலைபேசி எண் மாறியது. வெப்சைட்டில் 212 பக்கங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பழைய எண். புத்தியுள்ளவன் ஒரே கட்டளையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். பசை அண்ணா முதல் பக்கத்தைத் திறந்தார், பழைய எண்ணை அழித்தார், புதிய எண்ணை ஒட்டினார், சேமித்தார், மூடினார், பக்கத்திலிருந்த காகிதத்தில் ஒரு டிக் போட்டார். பிறகு இரண்டாவது பக்கத்தைத் திறந்தார். ஒன்பது நாள். லேபின் நடைபாதைப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி என்பதால், இடைவேளைகளில் நாங்கள் அங்கே நின்று, இப்போது எத்தனையாவது பக்கம் என்று பந்தயம் கட்டினோம்.

இப்படி ஒரு காட்சியைக் கண்டபிறகும் எழுதாமலிருப்பவன் எழுத்தாளனே அல்ல. வெப்சைட்டின் மாணவர் பகுதியில் 'கடைசி பெஞ்ச்' என்று மூன்று வருடங்களாக நான் எழுதிவந்தேன். முப்பத்தேழாவது கட்டுரை, எங்கள் முதல்வர் ஒரே குடிநீர் இயந்திரத்தை மூன்று முறை திறந்துவைத்ததைப் பற்றியது. முப்பத்தெட்டாவது, பசை அண்ணாவைப் பற்றியது. 'இங்கே 212 பக்கங்களைக் கையால் திருத்தும் மனிதர் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளார். தயவுசெய்து தீனி போடாதீர்கள்' என்று தொடங்கும். கல்லூரியே சிரித்தது. லேபுக்குள் அவரும் அதைப் படித்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். படித்து முடித்ததும் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலை, முப்பத்தெட்டுக் கட்டுரைகளும் காணவில்லை.

இதை ஒரு சாதாரண இழப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வார இதழில் பயிற்சி எழுத்தாளர் வேலை காலியாக இருந்தது. எங்காவது வெளிவந்த பத்துக் கட்டுரைகளை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். என்னிடம் பிரதி ஏதுமில்லை. வெப்சைட்டின் பெட்டியில் நேரடியாகத் தட்டிவிடுவதே என் வழக்கம். பிரதி எடுத்து வைப்பதெல்லாம் பசை அண்ணா மாதிரி ஆட்களின் வேலை என்பது என் கொள்கை.

நேரே லேபுக்குப் போனேன்.

"அண்ணா, என் பக்கம் எங்க?"

"எடுத்தாச்சு தம்பி." மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு எடுத்தது?"

"நான்தான். வேற யாரு இருக்கா இங்க?"

"ஏன்?"

"எடுக்கணும்னு வந்துச்சு, எடுத்தேன்."

"முப்பத்தெட்டு போட்டு ரெண்டே நாள்ல வந்துச்சா? நல்லா வருதுண்ணா உங்களுக்கு!"

"கத்தாத தம்பி, உள்ள பரிட்சை நடக்குது. வேற ஏதாவது கேக்கணுமா?"

"உங்ககிட்ட கேக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கதவை அறைந்து சாத்தப் போனேன். அது தானாக மெதுவாக மூடும் வகைக் கதவு. அது மூடி முடிகிறவரை கோபமாக நிற்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே பழிவாங்கும் பணி தொடங்கியது. பசை அண்ணாவின் வெப்சைட்டிலுள்ள பிழைகளை மட்டுமே காட்டும் ஒரு வெப்சைட், பெயர் 'பிழைக்கூடம்'. அடுத்த மாதத் தொடக்கத்துக்கு முன் கல்லூரிக்குத் தரம் போட ஓர் ஆய்வுக் குழு வரவிருந்தது. வெப்சைட்டுக்கும் மதிப்பெண் உண்டு. அது நாறினால் முதல்வரின் கையெழுத்து விழாது, நாற்காலி காலி. என் பத்துக் கட்டுரையைத் தின்றவனின் ஒரு நாற்காலியை நான் தின்பேன். கணக்கு நேர்.

முறை எளிது. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக விட்டிருந்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு, அதாவது லைப்ரரி ஒன்றை இறக்கினேன். "ஒரு நல்ல லைப்ரரி கிடைச்சிருக்கு" என்று வீட்டில் சொன்னதும், பையன் கடைசியில் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அப்பா மகிழ்ந்துபோனார், நான் திருத்தவில்லை. அதை வைத்து என் ஸ்கிரிப்ட் வேலை செய்யும். ஒரு பிழைக்கு ஒரு எழுத்து ஃபைல்: முதல் வரி தலைப்பு, ஒரு வரி இடைவெளி, மீதி விவரம். ஓட்டினால், அது ஃபோல்டரிலுள்ள ஃபைல்களை ஒவ்வொன்றாகப் படித்து, ஒவ்வொன்றையும் வலைப்பக்கமாக்கி, முகப்பில் பட்டியலும் 'மொத்தப் பிழைகள்' என்ற எண்ணிக்கையும் போட்டு, இன்னொரு ஃபோல்டரில் அடுக்கி, இணையத்தில் ஏற்றிவிடும். அடுக்கப்போகும் இடத்தில் பழைய குப்பை கிடக்கக்கூடாதல்லவா? அதற்காக ஒன்பதாவது வரியில் 'முதலில் துடை' என்று கட்டளை வைத்தேன். நாற்பத்தோரு வரிகளில் என் மனதுக்கு மிக நெருக்கமான வரி அதுதான். அக்காவைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடக்கும் இடத்தில் நாள் முழுக்க வேலை பார்ப்பதால், வீட்டிலும் எதிராளி பேசுவது அவளுக்குப் பழக்கமில்லை.

"முதல்ல துடைக்குமா?" என்றாள். "அப்ப இந்த மேசையத் துடைக்கச் சொல்லு. மூணு நாளா டீக்கறை அப்படியே இருக்கு."

"அக்கா, இது வேற துடைப்பு."

"வீட்டுக்கு உதவாத துடைப்பு, தெரியுது."

முதல் நாள் மூன்று பிழைகள் ஏற்றினேன். வரைபடத்தில் கல்லூரி ஏரிக்குள் இருந்தது. ஆறு வருடம் முன்பு ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் இன்றும் திங்கள் தோறும் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். 'எங்கள் நூலகம்' என்ற படத்தில் இருந்தது வேறு கல்லூரியின் நூலகம். அவர்கள் பெயர்ப்பலகை பின்னால் தெளிவாகத் தெரிந்தது. நண்பகலுக்குள் இருநூறு பேர் பார்த்தார்கள். உணவகத்தில் எனக்கு இடம் விட்டு எழுந்தார்கள். பழிவாங்கல் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வருடத்திலேயே யாரையாவது பகைத்திருப்பேன்.

மூன்று மணிக்கு ஒருவன் வந்து சொன்னான்: "மச்சான், காலேஜ் கரையிலதானடா இருக்கு?"

போய்ப் பார்த்தேன். கல்லூரி ஏரியிலிருந்து கரையேறியிருந்தது. இயற்பியல் பேராசிரியருக்கு ஓய்வு கிடைத்திருந்தது. நூலகம் எங்களுடையதாகியிருந்தது, அழுக்கு நாற்காலிகளை வைத்தே அடையாளம் தெரிந்தது. கண்ணாடிக்கு அப்பால் பசை அண்ணா காகிதத்தில் மூன்றாவது டிக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அப்படியே. காலையில் நான் ஏற்றுவேன், மாலைக்குள் அவர் திருத்துவார். என் பக்கத்தைப் படித்துவிட்டுச் சரிபார்க்கப் போகிறவன், அங்கே எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு என்னைப் புளுகன் என்று நினைத்தான். இரண்டு வாரத்தில் முப்பத்தைந்து பிழைகள் ஏற்றினேன், முப்பத்தைந்தும் பொய்யாயின. ஒரு நாள் நடைபாதையில் அவரே என்னை நிறுத்தினார்.

"தம்பி, நேத்து மூணு போட்ட. இன்னைக்கு ஒண்ணுதான் வந்திருக்கு. உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப சரி. விடுதிப் பக்கத்த நீ பாக்கவே இல்ல போல. அங்க நிறைய இருக்கும். பாத்துப் போடு."

அவர் போனபிறகுதான் புரிந்தது. உலகின் மிகத் தூய்மையான பழிவாங்கல், சம்பளமில்லாமல் அவருக்கு எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எனவே உத்தியை மாற்றினேன். இனி சில்லறையாகப் போடுவதில்லை. ஆய்வுக் குழு திங்கட்கிழமை பத்து மணிக்கு வருகிறது. அந்த நிமிடத்தில் மொத்தமாக இறக்கினால் அவர் கையால் எத்தனையைத் திருத்துவார்? ஒன்றா, இரண்டா? விடுதிப் பக்கத்திலிருந்தே தொடங்கினேன். அவர் சொன்னது உண்மைதான், அங்கே நிறைய இருந்தது. வகுப்புக்கு மட்டம் போட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரே வாரத்தில் அறுபத்து நான்கு ஃபைல்கள் எழுதினேன். 'திங்கள்' என்று ஒரு புதிய ஃபோல்டர் திறந்து எல்லாவற்றையும் அதிலேயே போட்டேன். ஸ்கிரிப்டின் முடிவில் இன்னும் ஒரு வரியும் சேர்த்தேன்: பக்கம் ஏறியதும் குழு உறுப்பினர்கள் ஐவருக்கும் அதன் முகவரியோடு தானாக மின்னஞ்சல் போகும்.

"அந்த மனுஷனுக்கு வேலை போயிடுமேடா" என்றாள் அக்கா.

"அதுக்குத்தானே இவ்வளவும்."

"அந்த இதழுக்குப் பத்துக் கட்டுரை கேட்டாங்களே?"

"அதைத்தான் அவர் அழிச்சுட்டாரே."

"இந்த அறுபத்து நாலு எழுதின கையால புதுசா பத்து எழுதி எங்கயாவது போட்டிருக்கலாமே ஆசிரியரே?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கும். சொத்தைப் பல் மாதிரி. புடுங்கறவரைக்கும் நாக்கு அங்கயேதான் போகும்."

திங்கட்கிழமை. லேபுக்கு எதிரிலுள்ள படிக்கட்டில் மடிக்கணினியோடு அமர்ந்தேன். பழிவாங்குபவன் எதிரியின் முகத்தைப் பார்க்கும் உரிமை உள்ளவன். கண்ணாடிக்கு உள்ளே பசை அண்ணா இஸ்திரி போட்ட சட்டையில், தலையைப் படிய வாரி, பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்பவர் போல உட்கார்ந்திருந்தார். முதல்வரின் குரல் வாசலில் கேட்டது. குழு வந்துவிட்டது.

ஸ்கிரிப்டின் மேலே நான் மாற்ற வேண்டியவை இரண்டே வரிகள். 'எங்கிருந்து' என்ற வரியில் 'திங்கள்' என்று எழுதினேன். 'எங்கே' என்ற வரிக்கு ஒரு பெயர் வேண்டும். தாக்குதலின் பெயர் முகவரியிலேயே கம்பீரமாகத் தெரியட்டும் என்று அங்கும் 'திங்கள்' என்று எழுதினேன்.

ஓட்டினேன்.

அது இரண்டு நொடிக்கும் குறைவாக எடுத்துக்கொண்டது. என் ஸ்கிரிப்ட் மரியாதை தெரிந்தது. ஒவ்வொன்றையும் முடித்துவிட்டுச் சொல்லும். 'துடைத்தாயிற்று' என்றது. 'படித்தவை: 0' என்றது. 'முகப்பு தயார். ஏற்றியாயிற்று. அஞ்சல் சென்றது: 5' என்றது.

பூஜ்ஜியத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்க வேண்டிய ஃபோல்டரும் துடைக்க வேண்டிய ஃபோல்டரும் ஒன்றே என்று நான் சொன்னேன், அது நம்பியது. ஒன்பதாவது வரி தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போகும். அறுபத்து நான்கையும் துடைத்துவிட்டு, பிறகு படிக்கப் போய், ஒன்றுமில்லை என்று கண்டு, அதையே எழுதியிருந்தது. ஸ்கிரிப்ட் துடைப்பது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது. பிரதி? என் கொள்கையை முன்பே சொல்லியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு என்னையும் பசை அண்ணாவையும் முதல்வர் அறைக்கு அழைத்தார்கள். ஐந்து பேர் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். குழுத் தலைவியான அம்மா தன் கைப்பேசியிலிருந்து உரக்கப் படித்தார்: "'பிழைக்கூடம். கல்லூரி வெப்சைட்டில் உள்ள பிழைகள் அனைத்தும், ஆதாரத்தோடு. மொத்தப் பிழைகள்: 0.'" பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனையோ காலேஜ் பாத்திருக்கேன். குறை கண்டுபிடிக்கன்னே மாணவர் ஒருத்தர் தனியா வெப்சைட் நடத்தி, கடைசியில ஒரு குறையும் இல்லன்னு அவரே எழுதிக் குடுத்தத இப்பதான் பாக்கறேன். நாங்களும் ஒரு முப்பது பக்கம் பாத்தோம். சுத்தம்."

அந்த முப்பது பக்கங்களையும் சுத்தமாக்கியது யாருடைய பட்டியல் என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன்.

முதல்வர் என் தோளில் கை போட்டார். "நம்ம பையன்! எல்லாம் தானாவே முன்வந்து செய்யறது." பசை அண்ணாவின் பக்கம் திரும்பி, "உங்க ஃபைல அனுப்புங்க, வேலைய நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார்.

வெளியே வந்து இருவரும் நடைபாதையில் நடந்தோம். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. என்னிடம் கட்டுரையும் இல்லை, பழியும் இல்லை.

"சந்தோஷமாண்ணா?" என்றேன்.

"இருக்காதா பின்ன? உனக்குத்தான் சொல்லணும் நன்றி."

"என் முப்பத்தெட்டயும் அழிச்சீங்க. நான் ஒண்ண எழுதினேன்னு கோவத்துல."

அவர் நின்றார். "என்னப் பத்தி எழுதினதுக்கு இல்ல தம்பி. முப்பத்தேழுக்கு. அந்தத் தண்ணி மெஷின். முதல்வர் நிதானமாப் படிக்கிற ஆளு, ரெண்டு வாரம் கழிச்சுத்தான் புரிஞ்சிருக்கு. எல்லாத்தையும் எடுன்னாரு, எடுத்தேன்." கொஞ்சம் நடந்துவிட்டு, "ஒட்டி வச்சுட்டுத்தான் எடுத்தேன்" என்றார்.

"என்னது?"

"எதையும் ஒட்டி வைக்காம நான் எடுக்கறதில்ல. முப்பத்தெட்டும் இருக்கு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"வேற ஏதாவது கேக்கணுமான்னு கேட்டேனே? கேக்க என்ன இருக்குன்னுட்டுப் போயிட்ட."

லேபில் அவர் மெஷினைத் திறந்து காட்டினார். ஒரே ஃபைல். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஐந்து வருடங்களாக அவர் வெப்சைட்டில் எதை ஏற்றினாலும் எதை எடுத்தாலும் அதை இந்த ஃபைலின் அடியில் ஒட்டிக்கொண்டே வந்திருந்தார்: பழைய அறிவிப்பு, விடுதி விதி, ஓய்வுபெற்றோர் பட்டியல், இடையிடையே என் கட்டுரைகள், மீண்டும் விடுதி விதி. என் 'பிழைக்கூட'த்தின் முப்பத்தைந்தும் அதே வரிசையில், ஒவ்வொன்றின் பக்கத்திலும் டிக்கோடு இருந்தன.

"இதை எனக்கு அனுப்புங்கண்ணா."

அவர் சுவரைக் காட்டினார். 'இக்கணினியிலிருந்து எந்த ஃபைலும் வெளியே செல்லக்கூடாது. பென் டிரைவுக்கு அனுமதி இல்லை. – முதல்வர்.'

"முழுசையும் காப்பி பண்ணி மெயில்ல ஒட்டிடறேன். அது ஃபைல் இல்லையே?"

"பண்ணிப் பாரு."

பண்ணினேன். மெஷின் இருபது நிமிடம் மூச்சுவிடவில்லை. மறுபடியும் ஆன் பண்ணவேண்டியதாயிற்று.

"வயசான மெஷின்" என்றார். "ஒரு பக்கம்னா தாங்கும். ரெண்டுன்னா யோசிக்கும்."

"ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுப் பிரிச்சுடறேனே?"

"அது இதுல ஏறாது தம்பி. அது கிடக்கட்டும், அந்தத் துடைக்கிற ஸ்கிரிப்டா?"

அக்காவைத் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. படிக்கட்டிலிருந்து எனக்கு அவர் முகம் தெரிந்ததென்றால், அவருக்கும் என் முகம் தெரிந்திருக்கும். பூஜ்ஜியம் என்று அந்த அம்மா படித்தபோது, எல்லாம் துடைக்கப்பட்டதையும் என் முகமே சொல்லியிருக்கும்.

"எத்தனை நாளாகும்?" என்றேன்.

பசை அண்ணா மேல்விட்டத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். மூன்று வாரமாக அவர் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தானோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

"பழக்கம் இல்லாத கை. மத்தியானம் லேப் காலியா இருக்கும்போது மட்டும்தான் உக்கார முடியும்." உதட்டைப் பிதுக்கினார். "ஒரு ஒன்பது நாள்."

பத்துக் கட்டுரை போதும். அவற்றைத் தேடவே நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் புரட்ட வேண்டும். புரட்டுவதென்று ஆனபிறகு முப்பத்தெட்டையும் விடுவானேன்? அவர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். டிக் போட ஒரு காகிதத்தையும் என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நான்கு பேர் நின்றார்கள். நான்காம் நாள் பத்துப் பேர். விரல்களை விரித்து எதையோ பேரம் பேசிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பது மறந்துவிடும்.

ஒன்பதாம் நாள், 'பிழைக்கூட'த்தின் பட்டியலுக்கு முந்தைய பக்கத்தில், என் கட்டுரைகளில் கடைசியாக ஒட்டியிருந்தது முப்பத்தெட்டாவது. முதல் வரியைப் படித்தேன். 'இங்கே 214 பக்கங்களைக் கையால் திருத்தும் மனிதர்...'

"அண்ணா, நான் 212ன்னுதானே எழுதினேன்?"

"தப்பா எழுதியிருந்த. 214." ஸ்டூலில் இருந்தபடியே டீயை ஊதிக் குடித்தார். "எண்ணினது நான்தானே."

கர்சரை முதல் எழுத்துக்கு முன்னால் வைத்து, கடைசி எழுத்துவரை இழுத்து, காப்பி பண்ணினேன். மெயிலைத் திறந்து ஒட்டினேன். சேமித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் ஒட்டிச் சேமித்துவிட்டு, காகிதத்தில் டிக் போட்டேன்.